தத்துப்பூச்சியின் நெற்றி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஃபேன் காற்று எல்லாருக்கும் வருகிறதா? டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். இன்றைக்கு ஒரு கதை சொல்கிறேன். கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. பயப்படாமல் கேட்கலாம். வெள்ளரி விதை அளவே உள்ள ஒரு பூச்சி, ஒரு பெண்ணின் மானத்தையும் பல பேருடைய திராட்சைத் தோட்டத்தையும் ஒரே பகலில் தின்னப் பார்த்த கதை.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றின் மேல்மாடியில் அஸ்ரினின் துப்பறியும் ஆபீஸ். கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். அஸ்ரினுக்கு நாற்பது தாண்டியிருக்கும். பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவி. பேச்சு மட்டும் வாப்பா ஊரான திருநெல்வேலிப் பக்கம். அவளிடம் வேலை பார்க்கும் நகுல் மாட்டுங்காக்காரன், பாலக்காட்டு வழிக் குடும்பம். பேங்க் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவன். ஏனப்பா விட்டாய் என்று கேட்டால், அங்கே திருடர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கவேண்டும், இங்கே துரத்தினால் போதும் என்பான்.

அன்று காலை படியேறி வந்தவள் டாக்டர் சாதனா. மனிதர்களுக்கு ஊசி போடும் டாக்டர் இல்லை. திராட்சைக் கொடிக்கு வரும் நோயைப் படித்தவள். பம்பாயில் குடியிருந்துகொண்டு நாசிக் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் திராட்சை போடும் தமிழ் வியாபாரிகள் சேர்ந்து ஒரு நிதி வைத்திருந்தார்கள். அந்த நிதியில்தான் செம்பூரில் அவளுடைய ஆய்வகம் நடந்தது.

அவள் சொன்ன நோய் இப்படி. தத்துப்பூச்சி என்று ஒன்று. கொடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். உறிஞ்சும்போதே ஒரு கிருமியை உள்ளே விட்டுவிட்டுப் போகும். அது பெருகிக் கொடிக்குள் தண்ணீர் ஏறும் பாதையை அடைத்துக்கொள்ளும். வேரில் தண்ணீர் நிற்கும், இலை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும். வந்தபின் தீர்க்க மருந்து கிடையாது. நோய் தாங்கும் கொடி ஒன்றை உருவாக்கத்தான் சாதனா பூச்சிகளைக் கூண்டில் வளர்த்து ராப்பகலாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் மேலேயே பழி. ஆய்வுக்குப் பணம் நிற்கக்கூடாது என்பதற்காக, கூண்டுப் பூச்சியை அவளே தோட்டத்தில் பறக்கவிட்டு நோயைப் பரப்பினாள் என்கிறார்கள். சாட்சி ஒரு மஞ்சள் அட்டை. பூச்சி வருகிறதா என்று பார்க்கத் தோட்டத்துக் கம்பிகளில் பசை தடவிய மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிடுவது வழக்கம். அப்படி ஓர் அட்டை ஒரு தோட்டத்தில் கிடைத்தது. அதில் ஒட்டியிருந்த ஒவ்வொரு பூச்சிமேலும் சிவப்பாக ஒரு குறி. ஆய்வகங்களில் பூச்சிக்குச் சாயக் குறி போடுவார்கள் என்பது அந்த நிதிக் குழுவில் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

தன் ஆய்வகத்துக் குறி நீலப்பொடி, அதையும் பூச்சி முழுக்கத் தூவுவோம், சிவப்பு கிடையவே கிடையாது என்று சாதனா தலையால் அடித்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. நிதிக் குழுத் தலைவர் திருவேங்கடம் மட்டும் அனுதாபமாகப் பேசினாராம். தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடம்மா, போலீஸ் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காலையில் போன் செய்திருக்கிறார். மாலை நாலு மணிக்கு மாட்டுங்காவில் கூட்டம்.

"நான் ஒரு பூச்சியக்கூட வெளியில விடலே" என்றாள் சாதனா. "நம்பினா வாங்கோ. நம்பலேன்னா இப்பவே சொல்லிடுங்கோ. வேற ஆளைத் தேட எனக்கு டைம் இல்லே."

"நம்புததும் நம்பாததும் அட்டையப் பாத்த பொறவு" என்றாள் அஸ்ரின்.

அட்டை இருந்தது செல்லப்பாண்டியிடம். அவருடைய தோட்டத்தில்தான் கிடைத்தது. தொண்ணூறடி ரோட்டில் அவருக்கு ஒரு குடோன். பக்கத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ். உள்ளே காலை வைத்ததுமே அவர் பார்த்த பார்வையில் திராட்சை புளித்துவிடும்.

"பூச்சிக்காரி அனுப்புன ஆளா?" என்று கேட்டார். உட்காரச் சொல்லவில்லை.

அஸ்ரின், அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறோம் அண்ணாச்சி என்று தணிந்தே சொன்னாள். அவர் தணியவில்லை. கிணற்றை ஒட்டிய ஏக்கரெல்லாம் கருகி நிற்கிறது, இந்தக் கையால் நட்ட கொடி என்று கையை விரித்துக் காட்டினார். என் காசை வாங்கி என் கொடிக்கே நோயை வைத்தவளுக்கு வக்காலத்து வாங்க வந்தீர்களா என்றார். நகுல் ஏதோ சிரித்துப் பேச வாயெடுத்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசு தம்பி என்று அதையும் அடைத்தார். கடைசியில், பார்த்துவிட்டாவது தொலையட்டும் என்றுதான் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

இந்த வருஷம் ஆகஸ்ட் என்று அட்டை ஓரத்தில் எழுதியிருந்தது. போன வாரம் கொடியை வெட்டிக் கவாத்து செய்த ஆட்கள் கம்பியில் தொங்கியதைப் பார்த்து எடுத்து வந்தார்களாம்.

அஸ்ரின் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. நகுலும் பார்த்தான். ஆகஸ்டில் நாசிக்கில் கொட்டும் மழையில் தொங்கிய அட்டை, நனைந்த சுவடே இல்லாமல் மொடமொடவென்று இருந்தது. பூச்சிகள் எல்லாம் ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பி, குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி அடக்கமாக ஒட்டியிருந்தன. தாராவிக் கடைகளில் ஈ ஒட்டும் தாளைப் பார்த்திருப்பீர்கள். கால் ஒரு பக்கம், இறக்கை ஒரு பக்கம் என்று துடித்த துடிப்பு அதிலேயே தெரியும். இங்கே ஒன்றுகூடத் துடிக்கவில்லை. தத்துப்பூச்சியைத் தவிர ஒரு கொசுவும் கிடையாது. அந்தஸ்து பார்த்துக் கூப்பிட்ட கல்யாணம் போலிருக்கிறது என்று நகுல் முணுமுணுத்தான்.

செல்லப்பாண்டி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்தாச்சுல்லா? நாலு மணிக்கு வந்து வேடிக்கையும் பாத்துட்டுப் போங்க."

தெருவுக்கு வந்ததும் நகுல் கணக்குப் போட ஆரம்பித்தான். அட்டை போலி. செத்த பூச்சியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் பூச்சி ஆய்வகத்துப் பூச்சிதானே ஆபா, அதில்தானே குறி இருக்கிறது என்று இழுத்தான். தாராவியில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி அவனும் அவளை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

"குறி எங்கன இருந்துச்சு?" என்றாள் அஸ்ரின்.

"தலையில."

"தலையில எங்கன?"

நகுல் பதில் சொல்வதற்காகத் தன்னையறியாமல் கையைத் தூக்கினான். விரல் போய் நின்ற இடத்தில் காலையில் இட்ட சந்தனம் காய்ந்திருந்தது. அப்படியே நின்றுவிட்டான்.

"அரே" என்றான். "பூச்சிக்குப் பொட்டு வெச்சிருக்கா."

"ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, வட்டமா. ஒங்க வீட்ல ஆளுக்கும் இருக்கும், அரிசி மிசினுக்கும் இருக்கும். அதான் ஒனக்கு வித்தியாசமாத் தெரியல. எங்க வீட்ல ஒருத்தருக்கும் கெடையாது. எனக்குப் பாத்த ஒடனே உறுத்திட்டு."

சயானிலிருந்து செம்பூருக்கு ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் நகுல், பூச்சிக்குக் காது குத்தியிருக்கிறார்களா என்று பார்க்காமல் வந்துவிட்டோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தான்.

ஆய்வகம் ஒரு பழைய காலனிக் கட்டடத்தின் கீழ்த்தளம். வலைக்கூண்டுகள், தொட்டியில் திராட்சைக் கொடிகள், மூலையில் ஒரு பெரிய ஃபிரிட்ஜ். அஸ்ரின் உள்ளே வந்ததும் பூச்சிகளைப் பார்க்கவில்லை. சுவரையும் சாமானையும் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவில் சந்தனம், நடுவில் குங்குமம். மைக்ராஸ்கோப்பிலும் அப்படியே. தராசில், கம்ப்யூட்டரில், சாதனாவின் நாற்காலி முதுகில்கூட.

ஆயுத பூஜைக்கு வைத்தது, போன மாசம், நான் அன்றைக்கு நாசிக்கில் இருந்தேன் என்றாள் சாதனா. பிறகு அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

"என் தலை போறது. நீங்க ஃபிரிட்ஜைப் பாத்துண்டு நிக்கறேள்."

அஸ்ரின் கோபித்துக்கொள்ளவில்லை. பூஜை செய்தது யார் என்று மட்டும் கேட்டாள். கூண்டுகளைக் கவனிக்கும் வாலாம்பாள் என்று பதில் வந்தது. ஐம்பது வயசுக்காரி, பூச்சிகளுக்குக் கொடி மாற்றுவது, எண்ணுவது, சுத்தம் செய்வது எல்லாம் அவள் பொறுப்பு. சாதனாவைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அஸ்ரின் வாலாம்பாளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஃபிரிட்ஜுக்குப் பொட்டு வச்சது தெரியுது. பூச்சிக்கு எப்பிடி வச்சீங்க?"

வாலாம்பாளின் முகம் வெளுத்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு மெள்ளச் சொன்னாள்.

"மைக்ராஸ்கோப்புக்கு வெச்சேன், தராசுக்கு வெச்சேன். எங்களுக்குச் சம்பளம் வரதே அந்தப் பூச்சிகளாலே. அதுகளை மட்டும் விட்டுட மனசு வரலேம்மா."

எப்படி என்றால், பூச்சியை எண்ணுவதற்கு முன்னால் ஃபிரிட்ஜில் வைத்து மயங்கவைப்பது அங்கே வழக்கம். குளிரில் அசையாமல் கிடக்கும். ஒரு கூண்டுப் பூச்சிகளை அப்படிப் படுக்கவைத்து, குங்குமத்தைப் பிசினில் குழைத்து, ஊசி முனையால் ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கிறாள். மறுநாள்தான் பயம் வந்தது. ஆராய்ச்சிக் கூண்டில் வெளிப்பொருள் ஒரு துளி பட்டாலும் எல்லாம் வீண் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சமயம் பார்த்து, காட்சிக்கு வைக்கக் கொஞ்சம் செத்த பூச்சி வேண்டுமென்று வெளியிலிருந்து ஒருவர் கேட்டார். சாதனா போனிலேயே சரி என்றாள். பொட்டு வைத்த பூச்சிகளை ஃபிரிட்ஜிலேயே சாகவிட்டு, ஒன்று விடாமல் அந்தப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டாள் வாலாம்பாள். கூண்டு சுத்தம். சாதனா ஊர் திரும்பியபோது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை; அந்தக் கூண்டுப் பூச்சி தானாகவே செத்துப்போனது என்று சொல்லிவிட்டாள்.

"பெட்டி யாருக்குப் போச்சு?" என்றாள் அஸ்ரின்.

வாலாம்பாள் பேரைச் சொன்னாள். ஒரு சிரிப்புக்குத் தயாராக இருந்த நகுலின் வாய் மூடிக்கொண்டது.

கூட்டத்துக்கு வந்து இதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று அஸ்ரின் கேட்டாள். வாலாம்பாள் மாட்டேன் என்றாள். வேலை போய்விடும், இந்த வயசில் வேறு யார் கொடுப்பார்கள் என்று அழுதாள். அஸ்ரின் சமாதானம் சொல்லவில்லை கண்ணுகளா. சில நேரம் சமாதானமும் பொய்தான்.

"போனாலும் போகும். வரலேன்னா ஒங்க மேடத்துக்கு எல்லாமே போயிரும். வாரதும் வராததும் ஒங்க இஷ்டம்."

வெளியே வந்து சாதனாவிடம் எதுவும் சொல்லாமல் அவளை முன்னால் அனுப்பினாள். ஆட்டோ சயானுக்கு அந்தப் பக்கம் வராது. அங்கே இறங்கி டாக்சி மாறும்போது நகுல் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த ஆட்டோவிலிருந்து வாலாம்பாள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

மாட்டுங்கா ஹாலில் காற்றே இல்லாத மாதிரி இருந்தது. தோட்டக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்தும் சாயாமலும் உட்கார்ந்திருந்தார்கள். சாதனா உள்ளே நுழைந்ததும் முன்வரிசையில் இருந்தவர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார். மேடையில் திருவேங்கடம். ரிடையரான பெரிய அதிகாரி. யாரையும் குரல் உயர்த்திப் பேசாத மனிதர். அவருக்கு முன்னால் இரண்டு தீர்மானம். ஒன்று, ஆய்வை நிறுத்திப் புகார் கொடுப்பது. மற்றது, மிச்சமுள்ள நிதியைக் கொண்டு எல்லாத் தோட்டத்துக்கும் பூச்சிமருந்து வாங்கித் தெளிப்பது.

கைதூக்கச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி என்று அஸ்ரின் எழுந்தாள். யார் நீ, வெளியாளுக்கு இங்கே என்ன வேலை என்று நாலு பக்கமும் சத்தம். திருவேங்கடம்தான் கையமர்த்தினார். கேட்கட்டுமே, நமக்கு மறைக்க என்ன இருக்கிறது என்றார். செல்லப்பாண்டி அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

இந்தச் சிவப்பு என்ன என்று அஸ்ரின் கேட்டாள். ஆய்வகத்துக் குறி என்று திருவேங்கடம் பொறுமையாக விளக்கினார். இல்லவே இல்லை என்றாள் சாதனா. பின்னாலிருந்து யாரோ பொய்க்காரி என்றார்கள்.

"குறியும் இல்ல, சாயமும் இல்ல" என்றாள் அஸ்ரின். "இது குங்குமம்."

ஹாலில் ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திருவேங்கடம் சிரித்துவிட்டார். உண்மையான சிரிப்பு.

"குங்குமமா? என்னம்மா உளர்றே? பெட்டியிலேர்ந்து எடுக்கறச்சயே அப்படித்தானே இருந்தது."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதிலேயே விழுந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

முதலில் பேசியது செல்லப்பாண்டி. அட்டையை இன்னும் தூக்கிப் பிடித்தபடியே, மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பெட்டி சார்?"

ஏதோ காட்சிக்கு வாங்கிய பெட்டி, அதில் பார்த்த ஞாபகம், இரண்டையும் குழப்பிக்கொண்டேன் என்றெல்லாம் திருவேங்கடம் சொல்லிப் பார்த்தார். அதற்குள் கதவோரத்திலிருந்து வாலாம்பாள் முன்னால் வந்தாள். நிறுத்தாமல் சொன்னாள். ஆயுத பூஜை அன்று தான்தான் பொட்டு வைத்தது, அந்தப் பூச்சி அத்தனையும் திருவேங்கடம் மாமா கேட்டு அனுப்பிய பெட்டியில் போனது, வேறு எங்கும் ஒன்றுகூட இல்லை என்று.

"ஆயுத பூசை அக்டோபர்ல" என்றாள் அஸ்ரின். "அட்டையில ஆகஸ்ட்னு போட்டிருக்கு. ஆகஸ்ட்ல செத்த பூச்சிக்கு அக்டோபர்ல பொட்டு வைக்க ஏலாது சார். ஒங்க வீட்டுக் கதவு, காரு, பீரோ எல்லாத்துலயும் இதே பொட்டு இருக்கும். பூச்சி மேல பாத்ததும் சயின்சுன்னு நம்பிட்டீங்க. லேபை மாட்டிவிட லேபே குறி போட்டுக் குடுத்திருக்குன்னு நெனச்சிட்டீங்க."

செல்லப்பாண்டிக்கு இப்போது ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. போன வாரம் திருவேங்கடம் தோட்டத்துக்கு வந்தார். ஆறுதல் சொன்னார். காய்ந்த வரிசையைத் தனியாக நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"என் வீட்ல எலை போட்டுச் சாப்ட்டீங்களே. சாப்ட்டுட்டுப் போயி என் கம்பியிலயே தொங்கவிட்டிருக்கீங்க."

இரண்டாவது தீர்மானத்தில் சொன்ன மருந்தை விற்பது யார் என்று நகுல் பணிவாகக் கேட்டான். பணிவு அவனுக்குச் சட்டையை மாற்றிப் போட்ட மாதிரி இருந்தது. திருவேங்கடத்தின் மாப்பிள்ளை கம்பெனி என்று கூட்டத்திலிருந்தே பதில் வந்தது.

திருவேங்கடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து நின்று எல்லாரையும் பார்த்தார். முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"ஆராய்ச்சி, ஆராய்ச்சின்னு இன்னும் எத்தனை வருஷம் கொட்டறது? மருந்து அடிச்சா பூச்சி சாகும். கண்ணால பாக்கலாம். இவ என்னத்தைக் காட்டினா உங்களுக்கு?"

நடந்து வெளியே போனார். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. ஆனால் அவர் விட்டுப்போன கேள்வி ஹாலிலேயே நின்றது. எல்லாரும் சாதனாவைப் பார்த்தார்கள். பழி போய்விட்டது; பகை போகவில்லை.

சாதனா எழுந்தாள். கண்ணீர் விடவில்லை, நன்றி சொல்லவில்லை. நோய் தாங்கும் கொடி இன்னும் கிடைக்கவில்லை, கிடைக்குமென்று சத்தியம் செய்யவும் முடியாது என்றாள். மருந்து தெளித்தால் இன்றைக்கு உட்கார்ந்த பூச்சி சாகும், நாளைக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பூச்சி வந்து உட்காரும் என்றாள். பணம் நின்றால் கூண்டும் கொடியும் இத்தனை வருஷ வேலையும் குப்பைக்குப் போகும், அதைத் தீர்மானிக்க வேண்டியது நீங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆய்வு தொடரட்டும் என்று கைகள் தயங்கித் தயங்கி எழும்பின. இவர் தூக்குகிறாரா என்று அவர் பார்த்தார், அவர் தூக்குகிறாரா என்று இவர் பார்த்தார். பாதி ஹாலோடு நின்றுவிட்டது. மற்றவர்கள் செல்லப்பாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகம் காய்ந்தது அவருடைய கொடி.

அவர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "பணம் தாரேன்" என்றார் சாதனாவைப் பார்த்து. "ஒன்னப் பேசுன பேச்சுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். காஞ்சு கெடக்கது என் தோட்டம்." அப்புறம் கையைத் தூக்கினார். அவர் கைக்குப் பின்னால் மிச்சக் கைகளும் எழும்பின.

"மன்னிப்பு வேண்டாம்" என்றாள் சாதனா. "காஞ்ச கொடியைப் பிடுங்கிப் போடாதேங்கோ. அந்த நடுவுல ஒண்ணு ரெண்டு பச்சையா நிக்கறதோன்னு நான் வந்து பாக்கணும். நாளைக்கே வரேன்."

"வா" என்றார் அவர். "சோறு கெடையாது. தண்ணி தாரேன்."

வாசலில் வாலாம்பாள் நின்றிருந்தாள். சாதனா அவளைத் தாண்டிப் போய், நின்று, திரும்பினாள். அந்தக் கூண்டோடு அரை வருஷ வேலை போய்விட்டது தெரியுமா மாமி என்றாள். கோபம்தான், சந்தேகமே இல்லை. வாலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு லீவு போடாதேங்கோ" என்றாள் சாதனா. "நான் நாசிக் போயிடுவேன். புதுக் கூண்டுக்கு யார் வலை கட்டறது?"

அவ்வளவுதான் கண்ணுகளா. டம்ளரை ஓரமாக வையுங்கள், காலில் தட்டிவிடும். நல்லபடியாக வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் உலை கொதிக்கட்டும். உழைக்கிறவர் கைக்கு உழைப்பின் பலன் வந்து சேரட்டும். உங்கள் பிள்ளைகள்மேல் வீண்பழி விழாதிருக்கட்டும். விழுந்தால் கூட நிற்க ஓர் ஆள் இருக்கட்டும். உங்கள் குடும்பம் ஆயுசோடும் பசுமையோடும் படர்ந்து நிற்கட்டும்.